முதல் ரீமிக்ஸ்: எஃபெக்ட் பிறகு, சமம் முதலில்

மண்டைக்காட்டு மாசிக் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாண வீடு, எதுவானாலும் சரி, மைக் செட்டில் ஓடும் வீட்டுத் தயாரிப்பு ரீமிக்ஸைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். பல்லவி வரை கிக்கும் (டிரம்ஸில் கனமாக இடிக்கும் அடி) பாட்டும் ஒட்டிப் போகும். முதல் இடையிசையில் கிக் ஒரு இம்மி முந்தும். சரணம் வந்து சேர்வதற்குள் பாடுகிறவர் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். செய்தவர் ரிவெர்ப், டிலே, ஃபில்டர் என்று எஃபெக்ட் எல்லாம் நன்றாகத்தான் போட்டிருப்பார். பாட்டின் வேகத்தை மட்டும் உத்தேசமாக வைத்திருப்பார். அதனால் இந்தக் குறிப்பில் எண்ணிக்கைக்குத்தான் அதிக இடம். அது கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் பழகப் பழக வரும்.

தொடங்குவதற்கு ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருள் போதும். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். 3.2 பதிப்பில் கேட்டுக்கொண்டே எஃபெக்டை மாற்றும் வசதி வந்தது. 2023இல் வந்த 3.4 பதிப்பில் பீட்டையும் (தாள அடி) பாரையும் (அடிகளின் தொகுதி) கோடு போட்டுக் காட்டும் கிரிட்டும், ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு கிளிப்பின் ஓரத்தை இழுத்து நீட்டிக் குறுக்கும் வசதியும் சேர்ந்தன. ஆகவே யாரோ பென்டிரைவில் கொடுத்த 2.x பதிப்பை வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கிரிட் இல்லாமல் ரீமிக்ஸ் கற்பது வீண் சிரமம். கொஞ்சம் பழகியதும் ரீப்பர் என்ற இன்னொரு மென்பொருளுக்குப் போகலாம். 60 நாள் எந்தப் பூட்டும் இல்லாமல் பார்க்க விடுகிறார்கள், தனிநபர் உரிமம் 60 டாலர். நம் பக்கம் பலர் கையில் இருக்கும் எஃப்.எல். ஸ்டுடியோவும் நல்லதுதான். ஆனால் அதன் ட்ரையல் பதிப்பில் சேமித்த ப்ராஜெக்டைத் திரும்பத் திறக்க முடியாது. ராத்திரி முழுக்க வேலை செய்து சேவ் செய்துவிட்டு மறுநாள் திறந்து பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. ட்ரையலில் செய்வதானால் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்த பிறகு மூடுங்கள்.

ஹெட்போன் கம்பியுள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும். வெறுமனே கேட்பதற்கு அது தெரியாது. ஆனால் கீபோர்டைத் தட்டி டிரம்ஸ் பதிவு செய்தாலோ, ஓடும் பாட்டில் தட்டிக் குறி வைத்தாலோ எல்லாக் குறியும் தள்ளி விழும்.

எந்தப் பாட்டை எடுப்பது

சினிமாப் பாட்டை எடுத்து வீட்டில் பழகலாம். வெளியில் போடுவது வேறு விஷயம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு ஒரு உரிமை, மெட்டுக்கு ஒன்று, வரிகளுக்கு ஒன்று. ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. எழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் மறைந்த பிறகும் 60 ஆண்டு. பழைய ரெக்கார்டுதானே என்று தைரியமாக எடுக்கும் பாட்டில் ஒலிப்பதிவின் காலம் முடிந்திருக்கும், கவிஞரின் காலம் முடிந்திருக்காது. யூடியூப்பில் ஏற்றினால் தானியங்கிச் சோதனை அதைப் பிடித்துவிடும். வேகத்தைக் கூட்டியும் சுருதியை மாற்றியும் தப்பிக்கலாம் என்பார்கள். அதில் கெடுவது பாட்டு மட்டும்தான்.

சிசிமிக்ஸ்டர் போன்ற தளங்களில் ரீமிக்ஸுக்கென்றே குரலைத் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். இறக்குமுன் உரிமக் குறிப்பைப் படியுங்கள். பெயர் சொன்னால் போதும் என்பது ஒரு வகை, வியாபாரத்துக்குக் கூடாது என்பது இன்னொரு வகை, மாற்றவே கூடாது என்பது மூன்றாவது வகை. அந்த மூன்றாவதில் ரீமிக்ஸ் செய்ய இடமில்லை.

இதைவிட நல்ல வழி நம் குமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. வில்லுப்பாட்டுக் குழு, களியல் ஆட்டக்காரர்கள், சிங்காரி மேளக்காரர்கள் எல்லாரும் பக்கத்து ஊர்களில்தான் இருக்கிறார்கள். நேரில் கேட்டு, எங்கே போடப் போகிறோம் என்று சொல்லி, சம்மதம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். அம்மன் கதையையோ சுடலைமாடன் கதையையோ டான்ஸ் பீட்டோடு கேட்க அவர்களுக்குச் சம்மதமா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் சங்கடம்.

பதிவு செய்யும்போது ஹார்ன் ஸ்பீக்கருக்கு முன்னால் ஃபோனை வைத்தால் அந்த ஒலியில் அடிப்பகுதியே இருக்காது. பாடுகிறவருக்கு எதிரில் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தூரத்தில் வையுங்கள். ரெக்கார்டர் ஆப்பில் வேவ், 48 கிலோஹெர்ட்ஸ் என்று தேர்ந்து, தானே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயினை அணையுங்கள். அது ஓடினால் குடத்தின் ஒவ்வொரு அடிக்கும் குரல் அமுங்கி எழும், அதைப் பிறகு சரிசெய்ய முடியாது. மிக்ஸரின் லைன் அவுட்டை நேராக ஃபோனின் மைக் துளையில் குத்தவும் கூடாது. லைன் அளவு மைக் அளவைவிடப் பல மடங்கு பெரியது, முழுக்கக் கரகரப்புதான் பதிவாகும். லைன் இன்புட் உள்ள ரெக்கார்டர் வேண்டும். முட்டம், குளச்சல் கடற்கரையிலும் ஆரல்வாய்மொழி பக்கமும் காற்றுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மைக்குக்கு நுரை உறை மாட்டி, பதிவுக்குப் பின் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் குமுறல் பெரும்பாலும் போய்விடும். காற்று மைக்கையே அமுக்கி ஒலி உடைந்துபோன இடம் திரும்ப வராது.

குரலைப் பிரித்தெடுப்பது

முழுப் பாட்டிலிருந்து குரலைப் பிரிக்க முன்பு ஒரு கணக்கு இருந்தது. ஸ்டீரியோவில் நடுவில் இருக்கும் குரல் இடது, வலது இரண்டிலும் ஒன்றுபோல இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் குரல் மறையும். கூடவே நடுவில் இருக்கும் பேஸும் (தாழ்ந்த சுருதி ஒலி) கிக்கும் மறையும். மோனோவில் பதிவான பழைய பாட்டில் இதைச் செய்தால் மொத்தமும் மறைந்து அமைதிதான் மிஞ்சும்.

இப்போது இதற்கென்றே டீமக்ஸ், அதை உள்ளே வைத்து ஓடும் அல்டிமேட் வோக்கல் ரிமூவர் என்ற மென்பொருள்கள் இருக்கின்றன, இரண்டும் இலவசம். குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்கு ஸ்டெம்களாக (தனித்தனி ஒலி ஃபைல்கள்) பிரித்துத் தரும், மோனோப் பாட்டிலும் வேலை செய்யும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரு பாட்டுக்குப் பல நிமிஷம் ஆகும். இவற்றுக்குப் பழகக் கொடுத்தது பெரும்பாலும் மேல்நாட்டுப் பாட்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள். நாதஸ்வரமும் புல்லாங்குழலும் குரல் ஸ்டெமுக்குள் நுழைவது வழக்கம். தவிலும் செண்டையும் டிரம்ஸில் பாதி, மற்றவையில் பாதி என்று சிதறும். வில்லில் கட்டியிருக்கும் மணிகளின் கிலுக்கம் நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டெமைத் தனியாகக் கேட்டு வருந்த வேண்டாம். மேலே புது டிரம்ஸ் வந்ததும் அந்த எச்சத்தில் பெரும்பகுதி மறையும். மறையாத இடங்களில் பாடகர் மூச்சு விடும் இடைவெளிகளை மட்டும் கையால் வெட்டி அமைதியாக்கினால் பாதி வேலை முடிந்தது.

வாட்ஸாப்பில் வந்த பாட்டைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். எம்பி3 சுருக்கம் மேல் அலைவரிசைகளை ஏற்கெனவே சிதைத்திருக்கும். பிரித்த குரல் தண்ணீருக்குள் பாடுவதுபோல வந்தால் காரணம் இதுதான்.

எண்ணிக்கை

இப்போது முக்கியமான இடம். பி.பி.எம். என்றால் நிமிஷத்துக்கு எத்தனை பீட். 60,000ஐ அதனால் வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் மில்லிசெகண்டில் வரும். 100 பி.பி.எம். பாட்டில் ஒரு பீட் 600 மில்லிசெகண்ட், 4 பீட் கொண்ட ஒரு பார் 2.4 விநாடி. உங்கள் கணக்கு அரை பி.பி.எம். மட்டும் தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள். 100க்கு அரை, அதாவது 0.5 சதவீதம். ஒரு நிமிஷம் ஓடியதும் 0.3 விநாடி விலகியிருக்கும். அது சரியாக அரை பீட். கிக் விழ வேண்டிய இரண்டு இடங்களுக்கு நட்ட நடுவில் போய் விழும். தொடக்கத்தில் சொன்ன கோளாறு இவ்வளவுதான்.

தானாக பி.பி.எம். சொல்லும் கருவிகளை முழுதாக நம்ப முடியாது. 75ஐ 150 என்று இரட்டித்துச் சொல்லும். பீட்டை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடைப் பாட்டில் 100ஐ 150 என்றோ 66.7 என்றோ சொல்லும். விரலால் தட்டிக் கண்டுபிடிப்பதிலும் ஒன்றிரண்டு முன்பின் வரும். கையால் எண்ணுவதுதான் நிச்சயம், ஐந்து நிமிஷ வேலை.

ஆடாசிட்டியில் பாட்டை ஓடவிட்டு முதல் பலமான சமத்தை (தாளச் சுற்று தொடங்கும் அடி) கண்டுபிடியுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் தவிலோ டிரம்ஸோ விழும் இடத்தில் அலை சுவர்போல எழும்பும். அது எழும்பத் தொடங்கும் புள்ளியில் கர்சரை வைத்து கன்ட்ரோல் + பி அழுத்தி 1 என்று லேபிள் போடுங்கள். அங்கிருந்து தாளம் போட்டுக்கொண்டே 16 பார் எண்ணி, 17ஆவது பாரின் சமத்தில் இன்னொரு லேபிள். இரண்டுக்கும் இடையிலுள்ள பகுதியைத் தேர்ந்தால் அதன் நீளம் கீழே தெரியும். 64 பீட், 37.65 விநாடி என்று வந்தால் 64ஐ 60ஆல் பெருக்கி 37.65ஆல் வகுக்க, 102. ஏன் ஒரே பாரை அளக்காமல் 16 பார்? லேபிள் வைப்பதில் 20 மில்லிசெகண்ட் பிசகு சாதாரணமாக வரும். ஒரு பாரை மட்டும் அளந்தால் அந்தப் பிசகு கிட்டத்தட்ட 0.9 பி.பி.எம். தவறாக மாறும். 16 பார் அளந்தால் அதே பிசகு 0.05தான்.

இதையே பாட்டின் நடுவிலும் கடைசியிலும் செய்யுங்கள். மூன்று இடத்திலும் 0.1க்குள் ஒத்துவந்தால் பாட்டு கிளிக் (ஒரே வேகத்தில் தட்டும் கருவி ஒலி) வைத்துப் பதிவானது. ப்ராஜெக்டின் டெம்போவை அந்த எண்ணில் வைத்து, முதல் சமத்தை ஒரு பார் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினால் கடைசி வரை நிற்கும். ஃபைலின் தொடக்கத்தைக் கோட்டில் வைத்தால் போதாது. எம்பி3 ஆக்கும்போது முன்னால் சில பத்து மில்லிசெகண்ட் வெற்றிடம் சேரும், பாட்டு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

கோட்டில் வைக்க வேண்டியது சமத்தை. முதல் எழுத்தை வைக்கக் கூடாது. நம் பாட்டுகளில் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், எப்போதும் சமத்தில் இருப்பதில்லை. அனாகத எடுப்பில் தாளம் விழுந்த பிறகு பாட்டு தொடங்கும், அதீத எடுப்பில் முன்னாலேயே தொடங்கிவிடும். அரை பீட் தள்ளித் தொடங்கும் பல்லவியின் முதல் எழுத்தைப் பார் கோட்டில் ஒட்டினால் மொத்தப் பாட்டும் அரை பீட் இடம் மாறும். வேகம் சரி, எண் சரி, ஆனால் ஏதோ நொண்டுகிறது என்று தோன்றினால் முதலில் இதைப் பாருங்கள். கண்டுபிடிக்கக் குரலை மியூட் செய்துவிட்டுத் தவிலையோ தபேலாவையோ மட்டும் கேட்டுக் கையால் தாளம் போடுங்கள். வாத்தியம் சமத்தை மறைக்காது.

அடுத்தது நடை. நாட்டுப்புற மெட்டுகளிலும் கும்மி, களியல் பாட்டுகளிலும் ஒரு பீட்டுக்குள் மூன்று உட்பிரிவு வரும், தகிட தகிட என்று. இதன்மேல் பீட்டை நான்காகப் பிரிக்கும் ஹை-ஹாட் (டிரம்ஸின் ஜோடித் தட்டு) லூப்பை, அதாவது திரும்பத் திரும்பச் சுழலும் துண்டை, போட்டால் பீட்டுக்குப் பீட் சந்தித்தாலும் இடையில் மூன்றும் நான்கும் மோதிக்கொண்டே இருக்கும். கிரிட்டை ட்ரிப்லெட்டுக்கு மாற்றி, ஹை-ஹாட்டை மூன்றாகப் பிரித்து நீங்களே அடியுங்கள். இணையத்தில் கிடைக்கும் டான்ஸ் லூப்கள் பெரும்பாலும் சதுஸ்ரம், பீட்டை நான்காகப் பிரிப்பவை. திஸ்ரப் பாட்டுக்கு அவற்றைத் தேடி நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

வேகம் ஓடும் பாட்டு

வில்லுப்பாட்டில் மூன்று இடத்திலும் மூன்று எண் வரும். கதை சூடு பிடிக்கும்போது உடுக்கையும் குடமும் சேர்ந்து வேகம் எடுக்கும். அது பிழையில்லை, அந்தக் கலையின் உயிரே அதுதான். பழைய ஸ்டுடியோப் பதிவுகளிலும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்ததால் கொஞ்சம் ஓட்டம் இருக்கும்.

இதற்கு இரண்டு வழி. பாட்டை வெட்டி இழுத்துக் கிரிட்டுக்குக் கொண்டுவருவது ஒன்று. கிரிட்டை வளைத்துப் பாட்டுக்குக் கொண்டுபோவது இன்னொன்று. வில்லுப்பாட்டுக்கும் மனிதர் வாசித்த எதற்கும் இரண்டாவதைத்தான் சொல்வேன். குரலை நீட்டினால் குரல் கெடும், மணியோசையை நீட்டினால் கிலுக்கம் கலங்கி இழுபடும். டிரம்ஸ் நாம் புதிதாக வைப்பதுதானே, அது எந்த வேகத்துக்கும் வளையும்.

ரீப்பரில் நான்கு நான்கு பாராகத் தேர்ந்து ரூலரில் ரைட் கிளிக் செய்தால் அந்த நீளத்திலிருந்தே டெம்போவைக் கணக்கிட்டுக் குறி வைக்கும் தேர்வு வரும். அதைத் தொடுமுன் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்பேஸை பீட்ஸிலிருந்து டைம் என்று மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு குறிக்கும் பாட்டும் சேர்ந்து நீண்டு குறுகும், துரத்தத் துரத்த ஓடும், கடைசி வரை பொருந்தாது. ரீப்பரைத் திட்டிவிட்டுக் கைவிடுகிறவர்கள் பலர் சிக்குவது இந்த ஒரு செட்டிங்கில்தான். ஆடாசிட்டியில் இந்த வளைக்கும் வசதி இல்லை. அங்கே நான்கு பாருக்கு ஒரு வெட்டாக கன்ட்ரோல் + ஐ போட்டு, ஒவ்வொரு துண்டையும் ஆல்ட் இழுப்பால் கோட்டில் சேர்க்க வேண்டும். சிறிய ஓட்டமுள்ள பாட்டுக்கு இது போதும்.

வேகத்தை வேண்டுமென்றே மாற்றுவதானால் சதவீதத்தைப் பாருங்கள். 96இலிருந்து 104க்குப் போவது 8.3 சதவீதம். குரல் 5 முதல் 8 சதவீதம் வரை தாங்கும். 10ஐத் தாண்டினால் தகரக் குழாயில் பாடுவதுபோலக் கேட்கத் தொடங்கும். 76இல் இருக்கும் மெல்லிசையை 128க்கு இழுக்காதீர்கள். குரலை 76இலேயே விட்டு டிரம்ஸை 152இல் ஓட்டினால் குரலின் ஒரு பீட்டுக்கு டிரம்ஸின் இரண்டு பீட் விழும். குரலும் கெடாது, ஆட்டமும் வரும்.

சுருதி

பேஸோ சிந்தஸைஸரோ சேர்ப்பதற்கு முன் பாடகரின் ஆதார சட்ஜம் (ஸ) எந்தக் கட்டையில் என்று தெரிய வேண்டும். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஆறு ஏ. பாட்டு வந்து நிற்கும் ஸ்வரத்தை டியூனர் ஆப்பில் காட்டினால் கட்டை தெரியும். நேரடிப் பதிவுகள் பெரும்பாலும் இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கும். நான்கு கட்டையிலிருந்து 30 சென்ட் (அரைக் கட்டையில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே என்று காட்டினால் குரலை இறக்காதீர்கள், சிந்தஸைஸரின் ஃபைன் டியூனை 30 சென்ட் ஏற்றுங்கள். மாற்றினாலும் கெடாததை மாற்றுவதே முறை. பேஸ் சேர்த்ததும் பாட்டு வருத்தமாகவோ அபஸ்வரமாகவோ கேட்டால் பெரும்பாலும் இந்த 20, 30 சென்ட் வித்தியாசம்தான் காரணம்.

கார்டு தெரியாவிட்டால் முதல் ரீமிக்ஸுக்கு சட்ஜமும் பஞ்சமமும் (ப) மட்டும் பேஸில் போதும். பஞ்சமம் இல்லாத ராகமா என்று மட்டும் காதால் சரிபாருங்கள். ராகத்தில் இல்லாத ஸ்வரம் கார்டுக்குள் நுழைந்தால் மெட்டின் குணமே மாறிவிடும்.

வேகத்தையும் சுருதியையும் சேர்த்து ஏற்றும்போது 6 சதவீதத்துக்கு அரைக் கட்டை ஏறும் என்று நினைவில் வையுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் எங்காவது 48 என்று தவறாக வாசிக்கப்பட்டால் 8.8 சதவீதம் வேகம் கூடி முக்கால் கட்டை ஏறிக் கேட்கும். காரணமில்லாமல் பாட்டு கீச்சென்று ஓடினால் இந்த 44.1, 48 என்னும் சாம்பிள் ரேட்டைப் பாருங்கள்.

வெட்டும் இடத்தில் டிக் என்று ஒரு சத்தம் வரும். அலை உச்சியில் இருக்கும்போது வெட்டி, பள்ளத்தில் இருக்கும் இன்னொரு துண்டோடு ஒட்டினால் ஸ்பீக்கர் ஒரு நொடிக்குள் தாவ வேண்டியிருக்கும், அந்தத் தாவல்தான் டிக். ஆடாசிட்டியில் தேர்வு செய்தபின் இசட் அழுத்தினால் தேர்வின் ஓரங்கள் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்கு நகரும். அதோடு 5 முதல் 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் (ஒன்று தேய மற்றது எழுவது) போட்டால் டிக் போய்விடும். லூப்பில் மட்டும் கவனம் தேவை. இசட் ஓரத்தை நகர்த்தியதால் லூப்பின் நீளம் ஒரு மில்லிசெகண்ட் மாறினாலும் 64 முறை சுழன்றதும் 64 மில்லிசெகண்ட் ஆகிவிடும். லூப்புக்கு நீளத்தைக் கணக்குப்படியே வைத்து, ஓரத்தை ஃபேடால் மட்டும் சரிசெய்யுங்கள்.

அடுக்குவது

8 பார் ஒரு பத்தி என்று வைத்துக்கொண்டால் எளிது. 100 பி.பி.எம்.மில் 8 பார் 19.2 விநாடி. முதல் 16 பார் டிரம்ஸ் மட்டும் விடுங்கள். மைக் செட்டில் இருப்பவர் முந்தைய பாட்டோடு கலக்க அந்த இடம் வேண்டும். பல்லவிக்குக் கிக்கும் ஹை-ஹாட்டும் போதும், பேஸைச் சரணத்துக்கு முன் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் முதல் நிமிஷத்திலேயே கொட்டினால் மூன்றாவது நிமிஷத்தில் கொடுக்க ஒன்றும் இருக்காது.

சிங்காரி மேளம் சேர்ப்பதானால் வீக்கன் செண்டை, உருட்டுச் செண்டை, இலத்தாளம் மூன்றையும் தனித்தனி அடியாகப் பதிவு செய்து அடுக்குவது நல்லது. வீக்கனைக் கிக்கோடு சேர்க்கலாம். சேர்க்கும்போது இரண்டு அலைகளையும் பெரிதாக்கி, முதல் எழுச்சி இரண்டிலும் ஒரே திசையில் போகிறதா என்று பாருங்கள். ஒன்று மேலும் ஒன்று கீழும் போனால் இரண்டும் ஒன்றையொன்று தின்று, சேர்த்தபின் முன்னைவிட மெலிதாகக் கேட்கும். ஒன்றை இன்வெர்ட் செய்தால், அதாவது அலையைத் தலைகீழாக்கினால், தீரும். உருட்டுச் செண்டையின் படபடப்பு குரலின் மெய்யெழுத்துகள் கேட்கும் அதே பகுதியில் வரும். செண்டையில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டெசிபெல் குறைத்தால் வார்த்தை புரியும்.

அளவு பற்றி. கடையில் வந்த பாட்டு ஏற்கெனவே உச்ச அளவில்தான் இருக்கும். அதன்மேல் ஒரு கிக் வைத்தாலே உடையும். எதையும் சேர்க்கும் முன் பாட்டின் கெயினை 6 முதல் 8 டெசிபெல் இறக்குங்கள். எல்லாம் சேர்ந்தபின் மாஸ்டர் மீட்டர் மைனஸ் 6இல் நின்றால் நல்லது. குரலுக்கு 100 முதல் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. கிக்குக்கு 50, 60 ஹெர்ட்ஸ். குழைந்து கேட்டால் 250 முதல் 400 வரை எல்லா டிராக்கிலும் கொஞ்சம் குறையுங்கள், ஒரே டிராக்கில் மொத்தமாக வெட்ட வேண்டாம்.

கிக் விழும்போது பேஸ் அடங்கும் அந்த மூச்சு வாங்கும் ஓசைக்கு ஆடாசிட்டியில் ஆட்டோ டக் இருக்கிறது. பேஸ் டிராக்கைத் தேர்ந்து, கிக் டிராக்கை அதற்கு நேர் கீழே வைக்க வேண்டும். பேச்சுக்குப் பின்னால் இசையைக் குறைப்பதற்காக உருவானது அது, ஆகவே உள்ளபடி விட்டால் வேலைக்கு ஆகாது. மைனஸ் 12 டெசிபெல் அமுக்கி, ஒரு விநாடி அமைதி வந்தால்தான் விடும். 600 மில்லிசெகண்டுக்கு ஒரு கிக் விழும் பாட்டில் பேஸ் எழும்பவே எழும்பாது. அமுக்கும் அளவை மைனஸ் 4க்குக் கொண்டுவந்து, மாக்ஸிமம் பாஸையும் (விடுவதற்குக் காத்திருக்கும் அந்த அமைதி நேரம்) ஃபேட் நீளங்களையும் நன்றாகக் குறையுங்கள்.

மைக் செட்டில் கேட்க

ஹெட்போனில் இடிக்கும் ரீமிக்ஸ் ஊர்த் திருவிழாவில் சப்பென்று இருப்பதற்கு இரண்டு காரணம். பனையிலும் கம்பத்திலும் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் வராது. 50 ஹெர்ட்ஸ் கிக் அங்கே இல்லவே இல்லை. கிக்கோடு 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் டக் என்று மரத்தில் தட்டும் ஒரு ஒலியை மெலிதாகச் சேர்த்தால் பெரிய பாக்ஸிலும் கெடாது, குழாயிலும் தாளம் தெரியும். சோதிக்க மாஸ்டரில் 400க்குக் கீழும் 5,000க்கு மேலும் தற்காலிகமாக வெட்டிக் கேளுங்கள். அப்போதும் கால் ஆடினால் சரி.

இரண்டாவது, வரிசையாகக் கட்டிய குழாய்கள் மோனோவில் ஓடும். ஸ்டீரியோ அகலத்துக்காகப் போட்ட எஃபெக்ட் மோனோவில் சேரும்போது இடதும் வலதும் கழிந்து சிந்தஸைஸர் காணாமல் போகலாம். எக்ஸ்போர்ட்டுக்கு முன் ஒரு முறை மோனோவாக்கிக் கேளுங்கள். எது மறைகிறதோ அதன் அகலத்தைக் குறையுங்கள்.

கடைசியில் லிமிட்டரை (ஒலி உச்சம் தாண்டாமல் தடுப்பது) மைனஸ் 1 டெசிபெலில் வைத்து 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் ஒன்றும், 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒன்றும் எடுங்கள். 24 பிட் வேவைச் சில யூஎஸ்பி பிளேயர்கள் வாசிக்காது, திருவிழாப் பந்தலில் அதைக் கண்டுபிடிப்பது நல்ல நேரமில்லை. பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பதால் சோதனை ஓட்டத்தைச் சாயங்காலமே முடியுங்கள். ஃபைல் பெயரில் பாட்டின் பெயருக்குப் பின் பி.பி.எம்.மும் கட்டையும் இருக்கட்டும், 102, நாலரை என்பதுபோல. ப்ராஜெக்ட் ஃபோல்டரில் ஸ்டெம்களையும் லேபிள் டிராக்கையும் அழிக்காமல் வையுங்கள். அடுத்த கொடைக்கு யாராவது குரலை மட்டும் கேட்டால், அல்லது வேறு வேகத்தில் கேட்டால், எண்ணிய எண்ணிக்கை அப்படியே கையில் இருக்கும்.